மலையில் சிரிக்க வைக்கிற பெண்ணுக்கு மேடையில் என்ன வேஷம்?

கொட்டகலை டீச்சர் கேட்கிறார்:

வணக்கம். மார்ச் 8 மகளிர் தினத்துக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதர் சங்கம் வாசிகசாலை மண்டபத்தில் ஒரு நிகழ்ச்சி வைக்கிறது. இந்த முறை பேச்சாளர் யாரும் இல்லை. சினிமாவிலும் டிவியிலும் வந்த காமெடிக் காட்சிகளைத் திரையில் போட்டு, நடுவில் நிறுத்தி, அதில் பெண்ணுக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று எல்லாரும் சேர்ந்து பேசப் போகிறோம். பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறவள் என்பதால் நடத்தும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். சந்தோஷமாக ஏற்றுக்கொண்டேன். எதைப் போடலாம், எதை விடலாம் என்று உங்களிடம் கேட்கத்தான் வந்தேன். அதற்கு முன்னால் இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும்போது நடக்கிற கேலிக்கு எந்த டிவி நிகழ்ச்சியும் ஈடில்லை. கங்காணி எப்படி நடப்பார், புதிதாக வந்த சின்னத்துரை அட்டை கடித்ததும் எப்படிக் குதித்தார், தலைவர் பேச்சைத் தொடங்குமுன் தொண்டையை எப்படிச் செருமுவார், எல்லாவற்றையும் முதுகில் கூடையோடு நின்றபடியே நடித்துக் காட்டுவார்கள். கை கொழுந்தில் இருக்கும், வாய் கதையில் இருக்கும்.

இந்தக் கேலியைக் கேட்டு வளர்ந்த ஒரு பிள்ளை என் வகுப்பில் இருக்கிறாள். பறித்த கொழுந்தை நிறுக்கிற மடுவத்தில் நிறுவை நடப்பதைத் தனியாளாக நடிப்பாள். கூடையைத் தராசில் மாட்டுகிற பெண்ணும் அவளே, கணக்கெழுதுகிறவரும் அவளே. கணக்கெழுதுகிறவராக மாறும்போது செய்வதெல்லாம் ஒன்றுதான்: இல்லாத ஒரு கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிவிட்டு, தராசைப் பார்க்காமலே எழுதுவாள். “ஈரத்துக்கு ரெண்டு கிலோ, சாக்குக்கு ரெண்டு கிலோ, காம்புக்கு ஒரு கிலோ.” கொஞ்ச நேரம் யோசிப்பாள். பிறகு, “நீ இன்னைக்கு வேலைக்கு வந்தியா?” என்று அந்தப் பெண்ணையே கேட்பாள். அவளுடைய அம்மாவும் மற்றப் பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டு அனுப்பப்பட்டவர்களுக்கு அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

இதைப் பாடசாலைக் கலைவிழாவில் போடலாம் என்று கேட்டேன். பொம்பளைப் பிள்ளை ஆம்பளையைப் பார்த்துக் கேலி செய்தால் நல்லாயிருக்காது, அவளுக்கு ஒரு நடனம் கொடுங்கள் என்றார்கள். அதே விழாவில் ஒரு பையன் நைலக்ஸ் சேலை கட்டி, முன்னும் பின்னும் தலையணை வைத்து, பொண்டாட்டியாக வந்தான். அவன் உட்காருகிறான், கதிரை உடைகிறது. அதுதான் காமெடி. யாரும் தடுக்கவில்லை.

அந்தப் பையனைக் கோபித்து என்ன ஆகப்போகிறது? அவன் கண்டதைச் செய்தான். விஜய் டிவியில் ‘கலக்கப் போவது யாரு’, ‘அது இது எது’ எல்லாம் நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் ஓடியவை. ஆண்கள் சேலையில் வருவதும், குண்டு என்றும் கறுப்பு என்றும் அந்தச் சேலையைப் பார்த்து இன்னொரு ஆண் சொல்வதும் பிள்ளைகளுக்கு மனப்பாடம். பெண் பாத்திரம் காமெடியில் இருக்கிறது, பெண்தான் இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். சிரிப்புக்கு ஆளாகிற முகத்தைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, சிரிக்க வைக்கிற வாயை ஆணுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் பெண்களுக்கோ வாய்தான் பெரிய சொத்து. அதைத் திரையில் எங்கே கண்டிருக்கிறோம்? மனோரமா ஞாபகம் வருகிறார், கோவை சரளா வருகிறார், ஊர்வசி வருகிறார். அதற்குமேல் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே, பெண் தன் வாயால், தன் புத்தியால் சிரிக்க வைத்த காட்சிகள் எவை? பெண்ணின் உடம்பையும் வயதையும் மட்டும் வைத்துச் சிரிக்க வைத்த காட்சிகள் எவை? இரண்டும் வேண்டும். அப்புறம் இன்னொன்று. “சும்மா பகடிதானே டீச்சர், அதுக்கு ஏன் இவ்வளவு யோசனை?” என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

—

பழைய ரீல் (பண்டாரவளை):

டீச்சர், நல்ல காரியம். எனக்குத் தெரிந்த பழசைச் சொல்கிறேன்.

தமிழ்ப் படத்தில் காமெடி ஜோடியாகத்தான் தொடங்கியது. காளி என். ரத்தினமும் சி.டி. ராஜகாந்தமும் சேர்ந்து 1941இல் ‘சபாபதி’யில் நடித்தார்கள். என்.எஸ். கிருஷ்ணனுக்கு டி.ஏ. மதுரம். அந்த ஜோடியில் கலைவாணர் பெயரை மட்டும் நாம் சொல்லிச் சொல்லி மதுரத்தை மறந்துவிட்டோம். சினிமாப் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணர் 1944இல் கைதாகி 1947இல்தான் வெளியே வந்தார். அதுவரை வழக்குக்காக அலைந்தவர் மதுரம். திரையிலும் அவர் சும்மா பக்கத்தில் நின்றவர் இல்லை. கேள்வி கேட்பார், மடக்குவார், பாடியே பதில் சொல்வார்.

உங்கள் கூட்டத்துக்கு என் முதல் சிபாரிசு ‘கல்யாண பரிசு’, 1959. தங்கவேலு வேலை இல்லாமலே மன்னார் அண்ட் கம்பெனியில் மனேஜர் என்று புளுகுவார். பிறகு எழுத்தாளர் பைரவன் நான்தான் என்பார். எல்லாரும் அவருடைய புளுகைத்தான் சொல்லிச் சிரிப்பார்கள். நீங்கள் அந்தக் காட்சிகளில் எம். சரோஜாவை மட்டும் பாருங்கள். அவர் நம்பி நம்பிக் கேட்பதால்தான் புளுகு வளருகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் தங்கவேலு இன்னொரு பொய் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வியை அரை விநாடி முந்திக் கேட்டால் சிரிப்பு செத்துவிடும். அது சரோஜாவின் டைமிங். இரண்டு பேரும் நிஜத்திலும் புருஷன் பொண்டாட்டி.

இதற்கு நேர்மாறாக ஒன்றைப் பாருங்கள். ‘காதலிக்க நேரமில்லை’, 1964. அதில் சச்சு இருக்கிறார், நாகேஷ் எடுக்கப் போகிற படத்தின் கதாநாயகி. ஆனால் இன்றைக்கும் எல்லாரும் பேசுவது நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற காட்சியைத்தான். அபாரமான காட்சி, குறை சொல்ல மாட்டேன். இரண்டு ஆண்கள் மட்டும். நம் நாட்டிலும் அதே கதைதான். வானொலியில் கேட்டுக் கேட்டுச் சிரித்த கோமாளிகளை 1976இல் படமாக எடுத்தார்கள். ராமதாஸ், ராஜகோபால், செல்வசேகரன், அப்துல் ஹமீது. இலங்கையில் தமிழ் எத்தனை விதமாகப் பேசப்படுகிறது என்று அந்த நாலு பேர் காட்டினார்கள். ஐந்தாவதாக ஒரு கோமாளிப் பெண் அவர்களோடு சேரவில்லை.

மனோரமாவை இரண்டு வயதில் காட்டுங்கள். முதலில் ‘தில்லானா மோகனாம்பாள்’, 1968. ஜில் ஜில் ரமாமணி ஒரு நாடகக்காரி. பெரிய வித்துவானுக்கு முன்னால் கூச்சப்படாமல் வந்து நின்று, தன் தொழிலைப் பெருமையாகச் சொல்லி, வெள்ளந்தியாகப் பேசி, சிவாஜியையே சிரிக்க வைக்கிற பாத்திரம். அவளைப் பார்த்து நாம் சிரிக்கவில்லை, அவளோடு சேர்ந்து சிரிக்கிறோம். அடுத்து ‘நடிகன்’, 1990. மனோரமாவுக்கு அப்போது 53 வயது. கல்யாணமாகாத ஒரு அம்மா, கிழவன் வேஷம் போட்ட சத்யராஜ் மேல் ஆசைப்படுகிறார். வயதான பெண்ணுக்கு ஆசை வருவதே அங்கே காமெடி. இரண்டு வருஷம் கழித்து ‘சின்னக் கவுண்டர்’. துருத்திய பல்லை மாட்டிவிட்டார்கள். நடிகை அதே நடிகைதான், திறமையும் குறையவில்லை. ஆயிரம் படத்தைத் தாண்டியவர் என்று கின்னஸ் புத்தகத்தில் அதற்கு முன்பே பெயர் வந்துவிட்டது. அப்படிப்பட்டவருக்கு எழுதிக் கொடுத்தது அதுதான்.

—

லிந்துலைச் செல்வி:

டீச்சர், நான் இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. ஊர் லிந்துலைப் பக்கம். உங்கள் மாணவி கதையை வாசித்ததும் அந்தக் கண்ணாடி தள்ளுவதைக் கடையிலேயே செய்து பார்த்தேன். அப்படியே எங்கள் மடுவம்.

கோவை சரளா பற்றி நான் பேச வேண்டும். 90களில் வடிவேலுவோடு அவர் நடித்த படங்களில் அவர் அடிப்பார், வடிவேலு ஓடுவார். எங்கள் வீட்டில் டிஷ் போட்ட புதிதில் அந்தக் காட்சிகள் எத்தனை தரம் வந்தாலும் அம்மா வேலையை விட்டுவிட்டு வந்து உட்காருவார். எங்கள் லயத்தில் சம்பள நாள் ராத்திரி எப்படி இருக்கும் என்று தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தவறணைக்குப் போய்க் குடித்துவிட்டுத் திரும்புகிற காலடிச் சத்தத்தை வைத்தே பெண்கள் கதவைச் சாத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண் திரையில் ஓங்கி அடிக்கிறாள், ஆண் கட்டிலுக்கு அடியில் ஒளிகிறான். அம்மா சிரித்த சிரிப்பை நான் வேறு எதற்கும் கேட்டதில்லை. அந்தக் காட்சியைப் பெண்ணியத்துக்கு எதிரானது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சரளா குரலைக் கீச்சுக்குரல் என்று சொல்வார்கள். அந்தக் குரலை வைத்துத்தான் அவர் கவுண்டமணிக்கும் வடிவேலுக்கும் பக்கத்தில் நின்று பிழைத்தார். மெல்லப் பேசியிருந்தால் யார் காதில் விழுந்திருக்கும்? ‘சதிலீலாவதி’ 1995இல் வந்தது. அதில் கமலுக்கு மனைவி கோவை சரளா, கொங்குத் தமிழில் வரிக்கு வரி கொடுத்து வாங்குவார். கதாநாயகனுக்கு ஜோடி அழகி மட்டும்தான் என்கிற வழக்கம் அங்கே உடைந்தது. கல்பனா அதில் லீலாவதி. பருமனான மனைவி, புருஷனுக்கு அவளோடு வெளியே போக வெட்கம். ஆனால் படம் அவள் பக்கம் நிற்கிறது. அந்தப் படத்தை எடுத்த பாலு மகேந்திரா நம் மட்டக்களப்பில் பிறந்தவர், அதையும் கூட்டத்தில் சொல்லுங்கள்.

இன்னொரு பெயர் அறந்தாங்கி நிஷா. ‘கலக்கப் போவது யாரு’ மேடையில் ஆண்களுக்கு நடுவில் தனியாக நின்று பேசிப் பெயர் வாங்கியவர். தன் நிறத்தையே வைத்து ஜோக் சொல்வார். சிலருக்கு அது பிடிக்காது, தன்னைத்தானே ஏன் தாழ்த்துகிறாள் என்பார்கள். நானும் கறுப்புத்தான். கடையில் வாடிக்கையாளர் முன்னால் நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் உண்டு. மற்றவன் சொல்லுமுன் நானே சொல்லிவிட்டால் அவன் வாயில் ஒன்றும் மிஞ்சாது. நிஷா செய்வது அதுதான் என்று நினைக்கிறேன். எப்போதும் அதையே செய்ய வேண்டியிருப்பது மட்டும் கஷ்டமாக இருக்கிறது. அவருக்கு வேறு எவ்வளவோ சொல்ல வரும்.

—

ஹட்டன் பிரபு:

டீச்சர் கோபிக்க வேண்டாம். நீங்கள் சொன்ன அந்த ஆள் நான்தான். காமெடியைக் காமெடியாகப் பார்த்தால் என்ன? பெண்களை மட்டுமா கேலி செய்கிறார்கள்? செந்தில் கறுப்பு, குண்டு. கவுண்டமணி அவரை மிதிக்காத மிதியா, திட்டாத திட்டா? ஆண்கள் யாரும் மகாநாடு போடவில்லை. உடம்பை வைத்துச் சிரிக்கக்கூடாது என்றால் பாதிக் காமெடியை மூட வேண்டும். நாளெல்லாம் மலையில் நின்றுவிட்டு வந்தவர்களை ராத்திரி கொஞ்சம் சிரிக்க விடுங்கள்.

—

கொட்டகலை டீச்சர்:

பிரபு தம்பி, கோபமே இல்லை. கூட்டத்தில் வரப்போகிற கேள்வி இங்கேயே வந்தது நல்லது. செந்திலைச் சொன்னதற்கு நன்றி, ஏனென்றால் நான் சொல்ல நினைத்ததற்கு அவரைவிட நல்ல உதாரணம் கிடையாது.

‘கரகாட்டக்காரன்’, 1989. வாழைப்பழக் காட்சியை நினைத்துப் பாருங்கள். இரண்டு பழம் வாங்கச் சொல்லி அனுப்பினார் கவுண்டமணி. செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வருகிறார். இன்னொன்று எங்கே என்றால், அந்த இன்னொன்றுதான் இது என்கிறார். எத்தனை அடி வாங்கினாலும் அந்த ஒரு பதிலை விடமாட்டார். அந்தக் காட்சியில் செந்திலின் நிறமும் இல்லை, வயிறும் இல்லை. அவருடைய தர்க்கம்தான் ஊரையே சிரிக்க வைக்கிறது. மிதி வாங்கினாலும் ஜெயிப்பது அவர். கறுப்பாக, குண்டாக இருக்கிற ஆணுக்கு ஏ. வீரப்பன் அப்படி ஒரு காட்சி எழுதிக் கொடுத்தார். பிந்து கோஷுக்கு யார் அப்படி ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்தார்கள்? ஆர்த்திக்கு? வித்யுலேகாவுக்கு? அவர்கள் திரைக்குள் நடந்து வந்தாலே போதும், ஜோக் முடிந்தது, வசனமே தேவையில்லை என்று எத்தனை படத்தில் விட்டார்கள்.

அதே படத்தில் அந்தக் காரும் இருக்கிறது. அந்தக் காரை முன்பு வைத்திருந்தவள் சொப்பன சுந்தரி. இப்போது அவளை யார் வைத்திருக்கிறார்கள் என்று செந்தில் கேட்பார். அந்தப் பெண் படத்தில் ஒரு நிமிஷம்கூட வருவதில்லை. முகம் கிடையாது, குரல் கிடையாது. ஒரு பெயரும், அவளை யார் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வியும் மட்டும்தான். இன்றுவரை பஸ் ஸ்டாண்டில் பெண் பிள்ளைகள் போகும்போது அந்த வரியைச் சொல்கிறார்கள், தம்பி. என் மாணவிகள் வந்து சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி டிவியோடு முடிந்துபோகிற சமாசாரமாக இருந்தால் நான் உங்களோடு வாதாடியிருக்க மாட்டேன்.

சிரிக்க வேண்டாம் என்று நான் யாரையும் சொல்லவில்லை. “பொம்பள சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு” என்று எங்களைச் சிரிக்கவே விடாத ஊர் இது. எங்களுக்குச் சிரிப்பு இன்னும் அதிகமாக வேண்டும்.

செல்வி, உங்கள் அம்மா சிரித்ததை நான் மதிக்கிறேன். ஆனாலும் சரளா அடிக்கிற காட்சிகளில் எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது. அதே காட்சியைப் பார்த்துத்தான் பக்கத்து ஆண்கள், “பாத்தியா, உண்மையிலே அடி வாங்குறவன் ஆம்பளைதான்” என்கிறார்கள். நிஜத்தில் நடக்கிற அடியைத் திரை தலைகீழாக்கிக் காட்டும்போது, நிஜ அடி இல்லாதது போல் ஆகிவிடுகிறது. அடிக்கிற பெண்ணையும் பிசாசு மாதிரித்தானே காட்டுகிறார்கள்? புருஷன் தவறணையில் சம்பளத்தை விட்டுவிட்டு வந்ததால் அவள் அடித்தாள் என்று எந்தப் படமாவது நின்று நிதானமாகச் சொன்னதா?

‘மகளிர் மட்டும்’ போடலாம் என்று நினைக்கிறேன். 1994இல் வந்தது. ஊர்வசி, ரேவதி, ரோகிணி மூன்று பேர், வேலைத்தலத்தில் தொல்லை கொடுக்கிற மனேஜராக நாசர். அதில் ரோகிணி துப்புரவுத் தொழிலாளி பாப்பம்மா. மெட்ராஸ் பாஷையில் அவள் நாசரைத் தூக்கி எறிந்து பேசுவதை எங்கள் பெண்கள் பார்க்க வேண்டும். மேலே இருக்கிறவன் கை எங்கே போகும் என்று எச்சரிக்கையோடு வேலை செய்வது மலையில் நிற்கிறவர்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. ஒரு கவலை. அந்தப் படம் என்றால் எல்லாரும் நாகேஷ் பிணமாக வருவதைத்தான் சொல்கிறார்கள். நானும் அவர் ரசிகைதான், பேச்சு மூச்சில்லாமல் அப்படி நடிக்க இன்னொருவர் பிறக்க வேண்டும். ஆனால் மூன்று பெண்கள் தூக்கிச் சுமந்த படத்தில் செத்துக் கிடக்கிற ஆண்தான் நினைவில் நிற்கிறார் என்பதை நான் கூட்டத்தில் சொல்லத்தான் போகிறேன்.

—

கூத்துக்கார மாமா (பூண்டுலோயா):

டீச்சரம்மா, நான் சினிமா ஆள் இல்லை. எங்கள் தோட்டத்தில், சிவன் மன்மதனை எரித்த கதையைச் சொல்கிற காமன் கூத்து ஆடுகிறவன். இளவயதில் மன்மதன் மனைவி ரதியாக வேஷம் கட்டினேன், இப்போது பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன். ஆண் சேலை கட்டுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் எனக்கும் ஒரு வார்த்தை உண்டு.

ஆண் பெண் வேஷம் போடுவதே குற்றம் என்று மட்டும் ஆக்கிவிடாதீர்கள். மாசி மாதம் காமன் ஊன்றியதிலிருந்து ரதிக்கு விரதம். கவிச்சி இல்லை, வீட்டு வாசல் தாண்டிப் படுப்பது இல்லை. சேலையை எங்கள் லயத்துப் பெண்கள்தான் கட்டிவிடுவார்கள். கொசுவம் சரியில்லை என்றால் அவிழ்த்து மறுபடி கட்டுவார்கள். “நடக்கிறப்போ தோளை ஆட்டாத, நாங்க அப்படியா நடக்கிறோம்?” என்று கிழவிகள் அதட்டுவார்கள். காமன் எரிந்தபிறகு ரதி அழுகிற இடத்தில் பெண்கள் தங்கள் வீட்டுச் சாவையெல்லாம் நினைத்து அழுவார்கள். தலையணை வைத்துக்கொண்டு வந்தால் அந்த அழுகை வருமா? சேலையில் குற்றமில்லை. கட்டியவன் அந்தப் பெண்ணை என்னவாக நினைத்துக் கட்டினான் என்பதில்தான் எல்லாம்.

ஆனால் நீங்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் கூத்தில் குறவன் குறத்தி வருகிற இடத்தில்தான் சிரிப்பு. குறத்தியும் ஆண்தான். அவள் பேசுகிற பேச்செல்லாம் பெண்களிடம் கேட்டுக் கேட்டுப் பொறுக்கியது. எங்கள் அக்கா சொன்ன எத்தனையோ பேச்சை நான் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அக்கா கீழே பாயில் உட்கார்ந்திருப்பார். அவரை மேடைக்குக் கூப்பிடலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. பாஞ்சாலி சிரித்ததால்தான் பாரதப்போரே வந்தது என்று கதையில் படித்துப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். பெண் சிரித்தாலே பயம் எங்களுக்கு.

உங்கள் பிள்ளை நடிக்கிற நிறுவைக் காட்சியைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு எண்ணம். தப்பு மேளம் வாசிக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். கணக்கெழுதுகிறவர் ஒவ்வொரு கழிவாகச் சொல்லும்போது ஒரு அடி விழட்டும். அவள் கடைசிக் கேள்வியைக் கேட்குமுன் மேளம் நிற்க வேண்டும்.

—

கொட்டகலை டீச்சர்:

மாமா, நீங்கள் வருவதாகச் சொன்னதை மாதர் சங்கத் தலைவியிடம் இப்போதே சொல்லிவிட்டேன். சேலை பற்றி நீங்கள் எழுதியதைக் கூட்டத்தில் அப்படியே வாசிப்பேன், அனுமதி தாருங்கள். உங்கள் அக்கா இன்னும் இருக்கிறார் என்றால் அவரையும் கூட்டி வாருங்கள். அவர் பேச்சை அவர் வாயால் கேட்க வேண்டும்.

இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன். முதலில் ‘கல்யாண பரிசு’, தங்கவேலுவைப் பார்க்காமல் சரோஜாவைப் பார்க்கச் சொல்லி. பிறகு ஜில் ஜில் ரமாமணி, உடனேயே ‘நடிகன்’. அந்த இடத்தில் நான் ஒன்றும் பேசப் போவதில்லை, என்ன மாறியது என்று பெண்களே சொல்லட்டும். எங்கள் கூட்டத்தில் ஐம்பது தாண்டியவர்கள்தான் அதிகம். பிரபு தம்பிக்காக வாழைப்பழமும், அதற்குப் பிறகு சொப்பன சுந்தரியும். ‘மகளிர் மட்டும்’ பாப்பம்மா. ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில் வீட்டுக்கு வீடு கைவரிசை காட்டுகிற எஸ்.என். லட்சுமிப் பாட்டியையும் சேர்க்க ஆசை. வயதான பெண் தன் செய்கையால் மட்டும் சிரிக்க வைக்கிற காட்சி எனக்குத் தெரிந்து அதைவிட நல்லது இல்லை. அவர் முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சியும் தெரியாது. அதுதான் அதன் அழகு.

கடைசியில் நிறுவைக் காட்சி. பாடசாலை மேடை இல்லை, மாதர் சங்க மேடை. யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. பிள்ளையின் அம்மா முதலில் பயந்தார், மலையில் யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று. சங்கத்துப் பெண்கள் போய்ப் பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டார்கள். இப்போது அந்த அம்மாவே புதிதாக ஒரு கழிவைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்: “நீ கதச்ச கதைக்கு ஒரு கிலோ.”

சரளா காட்சி மட்டும் முடிவாகவில்லை. புரொஜெக்டர் ஒரு பக்கத்துத் தோட்டத்து இளைஞர் கழகத்திடம் இருக்கிறது, தருவதாகச் சொன்னார்கள். ஸ்பீக்கர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

—

ஹட்டன் பிரபு:

ஸ்பீக்கர் என்னிடம் இருக்கிறது டீச்சர். கொண்டு வருகிறேன். சொப்பன சுந்தரி விஷயம் நான் அப்படி யோசித்ததில்லை. மற்றதெல்லாம் நேரில் வாதாடுவேன்.

—

லிந்துலைச் செல்வி:

டீச்சர், சரளாவை எடுத்துவிடாதீர்கள். நான் லீவு கேட்டு வருகிறேன், அம்மாவையும் கூட்டி வருகிறேன். நீங்கள் அந்தக் காட்சியைப் போட்டு, நிறுத்தி, உங்கள் நெருடலை எல்லாம் சொல்லுங்கள். பிறகு மைக்கை அம்மாவிடம் கொடுங்கள். அந்த ஆண்கள் சொன்னதற்கு என்ன பதில் என்று அம்மாவுக்குத் தெரியும். அதற்கு எவ்வளவு நேரம் எடுத்தாலும் யாரும் தடுக்கக்கூடாது, அவ்வளவுதான்.